ஊடே புகுந்தது யாரு

மேட்ரனின் நூல் அறுந்ததே இல்லை. இதை அவள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லாதபடி மற்றவர்கள் ஊதி ஊதிப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரைக் கட்டி ஆண்டுவிட்டு ஓய்வுபெற்றவள். அங்கே டாக்டர்களே இவள் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டுதான் கையுறை மாட்டுவார்களாம். அப்பேர்ப்பட்டவளை 'அவள்' என்று எழுதலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். கதைக்குள் வந்துவிட்டால் மேட்ரனும் அவள்தான். அவள் காதுக்கு எட்டினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

நூற்கிற இடம் கடிகாரக் கடைக்கு மேல்மாடி. முன்பு அங்கே டைப்பிங் வகுப்பு நடந்தது. மேஜைகள் போய்விட்டன; அவற்றின் கால்கள் அழுத்திய குழிகள் மட்டும் தரையில் வரிசையாக இருக்கின்றன. அந்தக் குழிகளின் மேலேயே பாயை விரித்து, பெட்டி ராட்டைகளைத் திறந்து வைத்துக்கொண்டு, வாரத்தில் சில மாலைகள் நாலைந்து பேர் நூற்பார்கள். தெருமுனையில் பஸ் திரும்பும்போது ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடும். ராட்டைக்காரர்கள் யாரும் தலை நிமிரக் கூடாது என்பது சட்டம். சட்டம் இருக்கிறது, அவ்வளவுதான்.

இதை நடத்துகிறவர் தையல்கார அக்கா. பகல் முழுக்க மோட்டார் வைத்த மிஷினில் ரவிக்கையும் ஜன்னல் திரையுமாகத் தைத்துத் தள்ளிவிட்டு, மாலையில் இங்கே வந்து உட்கார்ந்தால்தான் அவருக்கு உயிர் திரும்பும். "மிஷின் என்னை ஓட்டுது. ராட்டையை நான் ஓட்டுறேன்" என்பார். அடுத்தவர் லாரிக்காரர். வண்டியை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்ததும் ரத்தக் கொதிப்பு ஏறியது. தினம் ஒரு மணி நேரம் மனசை அடக்கி ஏதாவது செய்யுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் நாள் அவர் ராட்டையைச் சுற்றிய வேகத்தில் பஞ்சு மின்விசிறிக்குப் போய்விட்டது. மேடு ஏறுகிற வண்டியையும் ராட்டையையும் வேறு வேறாகப் பார்க்க அவருக்குப் பல மாதம் ஆயிற்று.

மேட்ரனை இங்கே இழுத்து வந்தவள் அவளுடைய தம்பி பெண்டாட்டி. ஓய்வுபெற்ற கையோடு மேட்ரன் தம்பி வீட்டுச் சமையலறையைச் சீர்படுத்தத் தொடங்கினாள். கரண்டிகள் நீளத்தின்படி அடுக்கப்பட்டன. கத்திகள் வெள்ளைத் துணியில் படுத்தன. பாத்திரம் எடுக்கப் போனால் "கை கழுவியாச்சா?" என்று பின்னாலிருந்து குரல் வரும். தம்பி பெண்டாட்டி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "அண்ணி, தையல்கார அக்கா ராட்டை சொல்லிக் கொடுக்கிறாங்களாம், போலாமா?" என்று கேட்ட அன்று அவளுக்கு நூல்மேல் ஒரு ஆசையும் கிடையாது. சமையலறையைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை.

ராட்டையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வலது கை சக்கரத்தைச் சுற்றும். இடது கை பஞ்சுத் திரியைக் கதிர் என்கிற சுழலும் கம்பியின் முனையில் தொட்டுப் பின்னால் இழுக்கும். சுற்றுகிற வேகமும் இழுக்கிற வேகமும் ஒத்துப்போனால் நூல். ஒத்துப்போகாவிட்டால் அறும். அந்த ஒத்துப்போவதற்குத் தேவை, மனசு வேறெங்கும் போகாமல் இருப்பது. வீட்டு ஞாபகம் வந்தால் அறும். பழைய சண்டை ஞாபகம் வந்தால் கட்டாயம் அறும். மனிதன் என்ன நினைத்தான் என்று தெரியாது. ஏதோ நினைத்தான் என்பதை நூல் பட்டென்று காட்டிக் கொடுத்துவிடும்.

அதற்குத்தான் பாட்டு. தையல்கார அக்காவுக்கு அது எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. கூட்டமாக உட்கார்ந்து நூற்ற பெண்கள் எப்போதோ கட்டியது, வாய்வழியாக வந்து சேர்ந்தது என்பார். நூற்க உட்கார்ந்ததும் அவர் மெதுவாக எடுப்பார்.

"பஞ்சுக்குள்ள நூலிருக்கு பாத்தவங்க இல்ல,
நெஞ்சுக்குள்ள ஆளிருக்கு சொன்னவங்க இல்ல."

அப்புறம் ராட்டைச் சத்தம்தான். யாருக்காவது நூல் அறுந்தால் போதும், மற்ற எல்லோரும் கையை நிறுத்தாமல் ஒரே குரலில் கேட்பார்கள்.

"ஓடுன நூலும் அறுந்ததென்ன, அக்கா
ஊடே புகுந்தது யாரு?"

அறுத்தவர் உண்மையைச் சொல்ல வேண்டும். அதையும் பாட்டாகச் சொல்லி, 'பாரு' என்று முடிக்க வேண்டும். அந்தக் காலத்தில் கல்யாணம் நிச்சயமான பெண்ணின் வாயைக் கிண்டுவதற்காகப் பாடினார்களாம். மாப்பிள்ளையைப் பற்றி வீட்டில் வாய் திறக்காத பெண்கூட ராட்டை முன்னால் குட்டு வெளிப்பட்டு நிற்பாளாம். "இப்ப நமக்கு என்ன வருது? இன்சூரன்சும் இஸ்திரிப் பெட்டியும்தான்" என்று தையல்கார அக்கா வருத்தப்படுவார். உண்மைதான். லாரிக்காரர் ஒருநாள் "டயருல ஆணி ஏத்திட்டான் பையன், அதுதான் புகுந்தது பாரு" என்று கரகரத்த குரலில் பாடினார். தம்பி பெண்டாட்டிக்கு எப்போதும் அறும். "அடுப்பை அணைச்சேனா இல்லையான்னு ஊடே புகுந்தது பாரு" என்பாள். ஒருதரம் "பக்கத்து வீட்டுப் புது சோபா ஊடே புகுந்தது பாரு" என்று ஒப்புக்கொண்டாள். அன்று சிரித்த சிரிப்பில் எல்லோருடைய நூலும் அறுந்தது. யாரை யார் கேட்பது என்று தெரியாமல் போயிற்று.

எல்லோருடையதும் என்று தவறாகச் சொல்லிவிட்டேன். மேட்ரனுடையது அறவில்லை.

"எப்படி மேட்ரன் இது?" என்று லாரிக்காரர் கேட்டார்.

"மனசைக் காலியா வச்சுக்கணும்" என்றாள் மேட்ரன். அதை எல்லோரும் நம்பினார்கள். தியானம் கைகூடினவள் என்று தையல்கார அக்கா புதிதாக வருகிறவர்களுக்கு அவளைக் காட்டிச் சொல்வார். யாரும் பாட்டுப் பாடிக் கேலி செய்யாத ஒரே ஆள் அவள்தான். கேலி பேச இடம் கொடுத்தால்தானே.

உண்மை என்னவென்றால், மேட்ரனின் மனசு என்றைக்கும் காலியாக இருந்ததில்லை. கை தனி, மனசு தனி. அவ்வளவுதான் விஷயம். தியேட்டரில் நின்ற காலத்தில் அம்மா வேறொரு வார்டில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தபோதும் கத்தி கேட்ட இடத்தில் கத்தி போனது, கத்தரி கேட்ட இடத்தில் கத்தரி போனது. உள்ளே என்ன நடந்தாலும் விரலுக்குத் தகவல் போகாது. அந்தக் கையை வைத்துக்கொண்டு நூற்றால் அறுமா? அவள் ஒரு புறம் யாரையோ நினைத்துக்கொண்டிருப்பாள்; நூல் அது பாட்டுக்கு வெண்ணெயாய் வந்துகொண்டிருக்கும்.

யாரையோ என்றேன். மூடி மறைப்பானேன், கீழ்க்கடைக் கடிகாரக்காரரைத்தான்.

அவர் மனைவியை இழந்து பல வருஷம் ஆகிவிட்டது. அதிகம் பேசாதவர். பேசினாலும் தலையை நிமிர்த்தாமல், ஏதாவது சக்கரத்துக்குச் சொல்வது போலச் சொல்வார். ராட்டை கிறீச்சிட்டால் மேலே வந்து எண்ணெய் விடுவார், கயிறு தளர்ந்தால் இழுத்துக் கட்டுவார். மேட்ரனின் ராட்டைக்கு மட்டும் கிறீச்சிடாதபோதும் எண்ணெய் விடுவார். இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேட்ரன் கவனித்தாள். மாடிப்படி ஏறும்போது அவர் வலது முழங்காலைத் தாங்கித் தாங்கி வைப்பதையும் கவனித்தாள். கல்யாணம், காதல் எல்லாம் மற்றவர்களுக்கு வருகிற நோய் என்று இத்தனை வயதுவரை இருந்தவளுக்கு, அந்த முழங்கால் வாசலில் தெரிந்தால் ஏன் நெஞ்சு குளிர்கிறது என்று விளங்க நாளாயிற்று. விளங்கியபோது வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

சென்ற மாதம் ஒருநாள் மற்றவர்கள் டீ குடிக்க இறங்கியிருந்தார்கள். கடிகாரக்காரர் அவளுடைய ராட்டைக் கயிற்றை முடிந்துகொண்டே பேச்செடுத்தார்.

"கடையை மூடிடலாம்னு இருக்கேன் மேட்ரன். பையன் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். அவன் ஊருக்கே போயிடலாம்னு."

"ம்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

மேட்ரன் யோசித்தாள். அவள் பதில் சொல்லும்போது எப்போதும் யோசித்துத்தான் சொல்வாள். "பையன் வீட்டுல லிஃப்ட் இருக்கா?"

"இருக்கு."

"உங்க முழங்காலுக்கு மாடிப்படி ஆகாது. லிஃப்ட் இருந்தா போகலாம்."

கடிகாரக்காரர் கயிற்றின் முடிச்சை இறுக்கினார். "நீங்க ஒண்ணு சொன்னா இருந்துடலாம்னு நினைச்சேன்" என்றார். பிறகு "சரி, லிஃப்ட் இருக்கு" என்று எழுந்து போனார்.

மேட்ரனுக்கு அது அப்போது புரியவில்லை. ஒரு நோயாளிக்குச் சரியான ஆலோசனை சொன்ன திருப்தியோடு நூற்று முடித்து, பெட்டியை மூடி, தெருவில் இறங்கி நடந்தாள். மருந்துக் கடை எதிரில் சாலையைக் கடக்கும்போதுதான் தூக்கிவாரிப் போட்டது. நட்டநடுச் சாலையில் நின்றுவிட்டாள். பஸ்காரன் ஹாரன் மேல் ஹாரனாக அடித்தான். சாவுக்கிராக்கி என்று அவன் திட்டியதுகூட அவளுக்குச் சரியாகத்தான் பட்டது.

அதற்குப் பிறகு அவள் செய்ததெல்லாம் கூத்து. தம்பி பெண்டாட்டி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கைக்கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு கடைக்குப் போனாள். அவர் கண்ணில் சிறிய பூதக்கண்ணாடியைச் செருகித் திறந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான ஓடுது?" என்றார். "ஒரு தடவை பாத்துடலாம்னு" என்றாள். அவர் துடைத்துக் கொடுத்தார். வாங்கிக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இன்னொரு நாள் தொலைபேசியில் கூப்பிட்டாள். "ஹலோ" என்று அவர் சொன்னதும், "ராங் நம்பர்" என்று சொல்லி வைக்கப் போனாள். "சரிங்க மேட்ரன்" என்றார் மறுமுனையில்.

ஆயுசு முழுக்க ஒற்றைச் சொல்லில் உத்தரவு போட்டே பழகிய வாய். பஞ்சு. ஊசி. விளக்கு. கதவை மூடு. "எனக்கு நீங்க வேணும்" என்று இன்னொருவரிடம் கேட்கிற மாதிரி ஒரு வாக்கியம் அந்த வாயில் தயாராக இல்லை. அவரோ ஒருமுறை கேட்டுவிட்டார். முறையான பதிலும் பெற்றுக்கொண்டார். இரண்டாம் முறை கேட்கிற ரகமில்லை. கடையில் சுவர்க் கடிகாரங்கள் ஒவ்வொன்றாக இறங்கிப் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தன. சனிக்கிழமை ரயில் என்று லாரிக்காரர் எல்லோருக்கும் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் அவளுக்குப் பாட்டு நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்துப் பெண்கள் கெட்டிக்காரிகள் என்று நினைத்தாள். வாயால் சொல்ல முடியாததை நூல் அறுத்துச் சொல்ல ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். கேட்பது ஊர், சொல்வது பாட்டு, நடுவில் தான் வெறுமனே உட்கார்ந்திருந்தால் போதும். நூல் ஒருதரம் அறுந்தால் எல்லோரும் பாடிக் கேட்பார்கள். கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். விதி அது. விதி என்றால் மேட்ரனுக்குக் கொஞ்சம் தெம்பு வரும்.

பதிலையும் தயார் செய்துகொண்டாள். "கீழக் கடையில கடிகாரம் பாக்குறவர் ஊடே புகுந்தாரு பாரு." மரியாதையும் இருந்தது, 'பாரு'வும் வந்தது. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பாடிப் பார்த்தாள்.

"அண்ணி, குழாய் ஏதாவது சத்தம் போடுதா? ஆளைக் கூப்பிடவா?" என்று தம்பி பெண்டாட்டி கதவைத் தட்டினாள்.

வெள்ளிக்கிழமை மாலை. கடிகாரக்காரர் எண்ணெய்க் குப்பியும் திருகாணிப் பெட்டியுமாக மேலே வந்தார். போவதற்குள் எல்லா ராட்டைகளையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று தையல்கார அக்காவிடம் சொல்லியிருந்தார். லாரிக்காரருக்கு எண்ணெய் விடும் இடங்களையும் காட்டிக் கொடுப்பதாக ஏற்பாடு. கடிகாரக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து லாரிக்காரரின் ராட்டையைத் திறந்தார். மற்றவர்கள் நூற்கத் தொடங்கினார்கள். தையல்கார அக்கா பஞ்சுக்குள்ள நூலிருக்கு என்று எடுத்தார். குரல் சரியாக எழும்பவில்லை. கடிகாரக்காரர் போவதில் அவருக்கும் வருத்தம்தான்.

மேட்ரன் திரியைத் தொட்டு இழுத்தாள். நூல் வந்தது. இப்போது அறுத்துவிடலாம் என்று நினைத்துக் கையைச் சட்டென்று பின்னால் இழுத்தாள். சக்கரக் கை தானாக வேகம் கூட்டிக்கொண்டது. நூல் நீண்டது, அறவில்லை. இன்னும் வேகமாக இழுத்தாள். இன்னும் மெல்லிதாக, இன்னும் அழகாக வந்தது. பக்கத்திலிருந்த தம்பி பெண்டாட்டி எட்டிப் பார்த்து, "அண்ணி, இன்னிக்கு முடி மாதிரி இழுக்கிறீங்க" என்று வியந்தாள். மேட்ரனுக்குத் தன் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது. இத்தனை வருஷம் உழைத்த கை. ஒருநாள், ஒரே ஒருநாள் தப்புச் செய்யச் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறது.

ஜன்னலோரம் ராட்டையை மூடும் சத்தம் கேட்டது. கடிகாரக்காரர் அடுத்ததற்கு நகர்ந்தார். இன்னும் இரண்டு பார்த்தால் இறங்கிவிடுவார். மேட்ரன் பல்லைக் கடித்துக்கொண்டாள். சக்கரத்திலிருந்து வலது கையை எடுத்தாள், கட்டைவிரல் நகத்தை நூலில் வைத்தாள், அறுத்தாள்.

கதிர் வெறுமனே ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அறுந்த நுனி அவள் முழங்கை அருகே தொங்கியது.

எல்லோருடைய ராட்டையும் நின்றது. மேட்ரன் தலை குனிந்து, காதெல்லாம் சூடாகி, பாட்டுக்காகக் காத்திருந்தாள்.

"கதிர் போச்சு" என்றார் லாரிக்காரர்.

"கதிரா இருக்காது, பஞ்சு" என்றார் தையல்கார அக்கா. "புது மூட்டை இது. பஞ்சு வாங்கப் போற பையன்கிட்ட ஈரம் பாத்து வாங்குடான்னா கேக்கமாட்டான். மேட்ரன் கையிலயே அறுதுன்னா நாம எப்படி நூக்கிறது?" அவர் திரியைப் பிய்த்து வாயில் வைத்துப் பார்த்தார்.

"எனக்கு நேத்தே அறுந்துக்கிட்டே இருந்துச்சு" என்றாள் தம்பி பெண்டாட்டி, பெரிய நிம்மதியோடு. "நான்தான் அடுப்பை நினைச்சுட்டேன்னு நினைச்சேன். அப்ப பஞ்சுதான்."

"ஜன்னலைச் சாத்துங்க, காத்து வேற."

கடிகாரக்காரர் அதற்குள் வந்துவிட்டார். முழங்காலைத் தாங்கி மெல்ல உட்கார்ந்தார், பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டார், அவளுடைய கதிரின் மேல் குனிந்தார். "பிசிறு எதுவும் தெரியல. அச்சு லேசாக் கோணியிருக்கும்" என்று கதிருக்குச் சொன்னார். "கழட்டிப் பாத்துடறேன். போறதுக்குள்ள சரி பண்ணிக் கொடுத்துடறேன் மேட்ரன், கவலைப்படாதீங்க." ராட்டையை அவள் முன்னாலிருந்து தூக்கி, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தார். தையல்கார அக்கா தன் ராட்டையை மேட்ரன் முன்னால் தள்ளி, "இதுல நூத்துக்கிட்டிருங்க" என்றார்.

யாருக்கும் பாட்டு நினைவே வரவில்லை. பஞ்சில் குற்றம் இருக்கலாம், கதிரில் இருக்கலாம், காற்றில் இருக்கலாம். மேட்ரனின் நெஞ்சில் ஒரு ஆள் இருக்கலாம் என்று ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. ஒரே வீட்டில் கூடவே இருக்கிற தம்பி பெண்டாட்டிக்குக்கூட. மேட்ரன் சுற்றிப் பார்த்தாள். எல்லோரும் அவளுக்காகத்தான் பரபரத்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த அறையில் அவளுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. அழுகையை விட அது அவளுக்குப் பழக்கம் என்பதால் அதையே பிடித்துக்கொண்டாள்.

"ராட்டையைக் கீழ வைங்க" என்றாள்.

அது தியேட்டர்க் குரல். கடிகாரக்காரர் ராட்டையை வைத்தார், கழற்றிய திருகாணி மட்டும் விரலிடுக்கில் நின்றது. மற்றவர்களும் கையில் இருந்ததை வைத்துவிட்டார்கள். லாரிக்காரர் டீக் குவளையைக்கூட வைத்துவிட்டார்.

"ராட்டை நல்லாத்தான் இருக்கு. பஞ்சுல ஈரம் இல்ல. நான்தான் அறுத்தேன். நகத்தால."

"எதுக்கு மேட்ரன்?" என்றார் தையல்கார அக்கா மெல்ல.

"எதுக்குன்னு கேக்கத்தான உங்களுக்குப் பாட்டு இருக்கு? சோபாவுக்குப் பாடுறீங்க. டயருக்குப் பாடுறீங்க. எனக்கு ஒருத்தரும் பாடல." தம்பி பெண்டாட்டி பக்கம் திரும்பினாள். "எனக்குள்ள யாரும் இருக்க மாட்டாங்கன்னு முடிவே பண்ணிட்டீங்களா?"

தம்பி பெண்டாட்டியின் முகத்தில் ஈயாடவில்லை. தையல்கார அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு, ஏதோ பெரிய தவறுக்கு மன்னிப்புக் கேட்பது போல, மிகச் சின்னக் குரலில் தொடங்கினார். "ஓடுன நூலும் அறுந்ததென்ன..." லாரிக்காரர் சேர்ந்துகொண்டார். தம்பி பெண்டாட்டி சேரவில்லை, அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, ஊடே புகுந்தது யாரு?" என்று பாட்டு முடிந்தது.

மேட்ரன் வாயைத் திறந்தாள். குளியலறையில் பாடிப் பழகியது மொத்தமாகப் போய்விட்டிருந்தது. கீழக் கடை என்பதா, மேல் கடை என்பதா, ஒன்றும் வரவில்லை. ஜன்னலோரம் பூதக்கண்ணாடியைக் கழற்ற மறந்து இவள் பக்கம் திரும்பியிருந்தார் கடிகாரக்காரர்.

"போகாதீங்க" என்றாள் அவரிடம்.

தெருமுனையில் பஸ் திரும்பியது. கண்ணாடி ஆடியது. ஜன்னலோரம் ஏதோ தெறித்து, தரையில் விழுந்து, உருண்டு போயிற்று.

"அது 'பாரு'ன்னு முடியலையே" என்றார் லாரிக்காரர். தையல்கார அக்கா அவர் தொடையில் ஒரு அடி வைத்தார்.

உருண்டது கதிர்த் திருகாணி. கடிகாரக்காரர் கையிலிருந்து திருகாணி நழுவியதை அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. கடுகு மாதிரிச் சக்கரங்களையெல்லாம் மூச்சு விடாமல் பிடித்து வைக்கிற கை. அவர் பாயை விலக்கித் தேடினார். எல்லோரும் தேடினார்கள். தம்பி பெண்டாட்டி மட்டும் தேடவில்லை. அண்ணியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு இப்போது எல்லாம் வெட்ட வெளிச்சமாகிவிட்டது: காரணமில்லாத எண்ணெய், நன்றாக ஓடிய கைக்கடிகாரம், சத்தம் போட்ட குழாய். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பிறகு மண்டியிட்டுத் தேடிக்கொண்டிருந்த மனிதரின் முதுகைப் பார்த்துப் பாடினாள்.

"ஓடுன ஆணியும் விழுந்ததென்ன, அண்ணா
ஊடே புகுந்தது யாரு?"

கடிகாரக்காரர் தேடுவதை நிறுத்தினார். நிமிரவில்லை. பின்கழுத்து சிவந்துபோயிருந்தது. அவர் பாடி யாரும் கேட்டதில்லை. அன்றும் பாடினார் என்று சொல்ல முடியாது. தரையைப் பார்த்து ராகமே இல்லாமல் சொன்னார்.

"கடைச் சாவியைக் காலையிலதான் கடை ஓனர்கிட்ட கொடுத்துட்டேனே, அதுதான் புகுந்தது பாரு."

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. போக அவருக்கு மனசில்லை என்று விளங்கியதும் லாரிக்காரர் கையைத் தட்டினார். "பாருன்னு முடிஞ்சிருச்சு" என்றார், அவருக்கு அதுதான் முக்கியம் என்பது போல. தையல்கார அக்கா முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"வேற யாரோ அந்தக் கடையைக் கேட்டுக்கிட்டிருக்காங்களாம்" என்றார் கடிகாரக்காரர், இன்னும் தரையைப் பார்த்தபடி. "நாளைக்கு அவங்களுக்கு சாவி கொடுக்கிறதாச் சொன்னாரு. நான் போய் எப்படி மறுபடி கேக்கிறதுன்னு தெரியல. எனக்கு அப்படிக் கேட்டுப் பழக்கமில்ல."

மேட்ரன் எழுந்தாள். முழங்காலைத் தாங்கி எழ முடியாமல் தவித்துக்கொண்டிருந்தவருக்குக் கையை நீட்டினாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்த பிறகும் இருவரும் கையை விடவில்லை.

"செருப்பைப் போடுங்க, இப்பவே போலாம்" என்றாள். "நான் கேக்குறேன். நீங்க பக்கத்துல நின்னா போதும்."